செல்சுவரற்ற பாக்டீரியாக்களின் வகைப்பாட்டு வரலாறு

செல்சுவர் இல்லாத பாக்டீரியாக்கள் பொதுவழக்கில் மைக்கோபிளாஸ்மாக்கள் எனப்படுகின்றன. இவற்றுக்கு மெல்லிய செல்சவ்வு மட்டுமே உண்டு. சுவரைக் கொண்டே பாக்டீரியாக்களைப் பிரித்துப் பழகியவர்களுக்கு இவற்றை எங்கே வைப்பது என்பது நெடுங்காலம் சிக்கலாகவே இருந்தது.

1898இல் பாரிசில் நோக்கார், ரூ ஆகியோர் மாடுகளின் தொற்று நுரையீரல் நோய்க்கான கிருமியை முதன்முதலில் வளர்த்தனர். பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியை அது கடந்து சென்றது. பின்னர் கண்டறியப்பட்ட இதன் உறவினங்களுக்கு 'பி.பி.எல்.ஓ.' என்ற பெயரே வழங்கியது. இதன் பொருள் 'மாட்டு நுரையீரல் நோய்க் கிருமி போன்றவை' என்பதுதான். இதை வகைப்பாடு என்று சொல்ல முடியாது. 1929இல் நோவாக் மைக்கோபிளாஸ்மா என்ற பேரினப் பெயரை அளித்தார். அதில் 'மைக்கோ' என்பது பூஞ்சையைக் குறிக்கும், ஆனால் இவை பூஞ்சைகள் அல்ல.

யூதர் என்பதால் ஜெர்மனியில் பணியிழந்து லண்டன் லிஸ்டர் நிறுவனத்துக்கு வந்த எம்மி கிளீனபெர்கர், 1935இல் 'எல் வடிவங்களை' விவரித்தார். அந்த 'எல்' லிஸ்டரைக் குறிக்கும். இவை சுவரை இழந்த சாதாரண பாக்டீரியாக்கள். பல மீண்டும் சுவரைப் பெறக்கூடியவை. மைக்கோபிளாஸ்மாவோ ஒருபோதும் சுவரை உண்டாக்காது. இந்த வேறுபாட்டை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். அக்காலத்தில் அறிஞர்களே இரண்டையும் ஒன்றெனக் கருதினர்.

இந்தக் குழப்பம் நோயாளிகளையும் தொட்டது. 1944இல் ஈட்டன் ஒருவகை நிமோனியாவுக்குக் காரணமான கிருமியைப் பிரித்தெடுத்தார். வடிகட்டியைக் கடந்ததால் அதை வைரஸ் என்றே பலரும் நம்பினர். வைரஸானால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பயன்படாது. பெனிசிலின் செல்சுவர் உருவாவதைத் தடுக்கும் மருந்து. சுவரே இல்லாத கிருமியிடம் அதற்கு வேலையில்லை. பெனிசிலின் பலிக்காதது வைரஸ் என்ற எண்ணத்துக்கு இடமளித்தது. ஆனால் புரத உற்பத்தியைத் தடுக்கும் டெட்ராசைக்ளின் இதைக் கட்டுப்படுத்தும். 1961இல் மார்மியன், குட்பர்ன் ஆகியோர் தங்க உப்பு இக்கிருமியைத் தடுப்பதைக் காட்டி ஐயத்தைக் கிளப்பினர். 1962இல் சானக், ஹேஃப்ளிக், பரைல் ஆகியோர் உயிருள்ள செல்கள் இல்லாத அகார் ஊடகத்திலேயே இதை வளர்த்துக்காட்ட, வைரஸ் வாதம் முடிந்தது. அடுத்த ஆண்டு மைக்கோபிளாஸ்மா நிமோனியே எனப் பெயரிடப்பட்டது.

1967இல் இவற்றுக்கென மொல்லிகியூட்ஸ் என்ற தனி வகுப்பு ஏற்பட்டது. லத்தீனில் 'மென்தோல்' என்று பொருள்; பொருத்தமான பெயர். யூரியாவைச் சிதைப்பவை 1974இல் யூரியாபிளாஸ்மா என்ற பேரினமாயின. வளர்ச்சிக்கு ஸ்டீரால் தேவைப்படாதவை அக்கோலிபிளாஸ்மா எனப் பிரிக்கப்பட்டன.

1980இல் வோஸ் குழுவினர் ரைபோசோம் ஆர்.என்.ஏ. ஒப்பீட்டின் வழியே, இவை கிளாஸ்ட்ரிடியம் போன்ற பாக்டீரியாக்களின் வழிவந்து மரபணுக்களையும் சுவரையும் இழந்தவை எனக் காட்டினர். 2018இல் குப்தா குழுவினர் நிமோனியாக் கிருமியை மைக்கோபிளாஸ்மாய்டிஸ் என்ற பேரினத்துக்கு மாற்ற முன்மொழிந்தனர். துறை அறிஞர் பலர் எதிர்த்தனர். மருத்துவர்கள் பெரும்பாலும் பழைய பெயரையே எழுதுகின்றனர்.