ஸ்டீவ் றைஷின் இசையில் மனிதக் குரல்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலே அமெரிக்காவில் முகிழ்த்த இசைப் போக்குகளுள் மினிமலிசம் குறிப்பிடத்தக்கது. மிகச் சில ஒலிக்கூறுகளைத் திரும்பத் திரும்ப இசைத்து, அவற்றை மெல்ல மெல்ல மாற்றியமைப்பது இதன் இயல்பு. இவ்விசை பொறியின் இயக்கத்தை ஒத்தது, மனித உணர்வுக்கு இதில் இடமில்லை என்பர் சிலர். இப்போக்கின் முன்னோடிகளுள் ஒருவரான ஸ்டீவ் றைஷின் (பி. 1936) படைப்புகளைக் கால அடைவிலே நோக்கின், இக்குற்றச்சாட்டின் வலுவையும் வரம்பையும் ஒருங்கே உணரலாம்.

சான் பிரான்சிஸ்கோ நகரச் சதுக்கமொன்றிலே போதகர் ஒருவரின் பேச்சை றைஷ் 1964 இல் ஒலிநாடாவிற் பதிவுசெய்தார். அதன் ஒரே சொற்றொடரைக் கொண்ட இரு நாடாக்களை ஒருங்கே ஓடவிட்டபோது, பொறிகளின் வேகத்திலிருந்த நுண்ணிய வேறுபாட்டால் ஒன்று மற்றதினின்றும் சிறிது சிறிதாக விலகிச் சென்றது. இத்தற்செயல் நிகழ்ச்சியே ‘இற்ஸ் கொன்னா ரெய்ன்’ (1965) என்னும் படைப்புக்கு வித்தாயிற்று.

அடுத்து வந்த ‘கம் அவுட்’ (1966), நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியிலே கொலைக்குற்றஞ் சாட்டப்பட்ட ஆறு கறுப்பின இளைஞரின் மறுவிசாரணைக்கு ஆதரவான நிகழ்ச்சிக்கென ஆக்கப்பட்டது. பொலிசார் தன்னைத் தாக்கியதை மெய்ப்பிக்கும் பொருட்டுக் கன்றிய காயத்தைத் தானே கீறிக் குருதி வெளிவரச் செய்ததாகக் கூறும் அவ்விளைஞருள் ஒருவரின் சொற்களே இதன் மூலப்பொருள். குரல் இரண்டாகி, நான்காகி, எட்டாகப் பெருகுகையிற் சொற்கள் கரைந்து, தாளமும் ஓசையுமே எஞ்சுகின்றன. துன்புற்றவனின் சாட்சியம் இங்கு ஆழம் பெறுகின்றதா, அன்றி அழிந்துபோகின்றதா? றைஷின் ஆரம்பகால இசை எழுப்பும் தலையாய வினா இதுவேயாகும்.

பின்னர் அவர் நாடாவை விடுத்துக் கலைஞரிடம் திரும்பினார். ‘பியானோ பேஸ்’ (1967) பன்னிரண்டு சுரங்கொண்ட ஓர் அமைப்பை இரு பியானோக் கலைஞரிடம் ஒப்படைத்தது. ஒருவர் நிலையாக வாசிக்க, மற்றவர் சற்றே விரைந்து முன்செல்வார். இசையின் ஆக்கமுறை மறைந்து கிடத்தலாகாது, கேட்போர் செவிக்குப் புலனாதல் வேண்டும் என 1968 இல் எழுதிய கட்டுரையிலே அவர் வாதிட்டார். அவ்வாண்டே அமைத்த ‘பெண்டுலம் மியூசிக்’கில் ஒலிவாங்கிகள் ஒலிபெருக்கிகளின் மேலே ஊசலாடி எழுப்பும் ஒலியே இசையாகின்றது. 1970 இல் கானா சென்று எவே இன மத்தளக் கலையைப் பயின்றமை ‘ட்ரம்மிங்’ (1971) உருவாவதற்கு உரமூட்டியது. ‘பதினெண்மருக்கான இசை’யிலோ (1976) சில ஒலிகளின் நீளத்தை இசைப்போரின் மூச்சே அளவிடுகின்றது. பொறியிடம் கற்ற முறை மனித உடலின் எல்லைக்கு இயைந்துகொண்டமை மனங்கொள்ளத்தக்கது.

‘டிவறென்ற் ரெயின்ஸ்’ (1988) பதிவுசெய்த குரலை மீண்டும் கொணர்ந்தது. பெற்றோர் பிரிந்தமையால் சிறுவன் றைஷ் 1939 முதல் 1942 வரை நியூயோர்க்குக்கும் லொஸ் ஏஞ்சல்சுக்குமிடையே புகையிரதத்திற் பயணித்தார். அக்காலத்து ஐரோப்பாவில் இருந்திருப்பின், யூதராகிய தாம் வேறு புகையிரதங்களில் ஏற்றப்பட்டிருப்பார் என்ற எண்ணமே இதன் கரு. நாசிகளின் படுகொலையினின்றும் தப்பியோரின் பேச்சில் அமைந்த ஏற்ற இறக்கங்களை நான்கு நரம்பிசைக் கருவிகள் பின்பற்றி ஒலிக்கின்றன.

இங்கும் பொறி உண்டு, மீளொலிப்பும் உண்டு. ஆயின், 1966 இல் ஆக்கமுறைக்குள் குரல் கரைந்தது. 1988 இல் குரலின் வழியே ஆக்கமுறை நடந்தது. மினிமலிசத்தின் மீதான குற்றச்சாட்டு அதன் உத்தியைச் சார்ந்ததன்று. அவ்வுத்தி எதற்குப் பணிகின்றது என்பதையே சார்ந்தது என்பதற்கு இம்மாற்றம் சான்றாகும்.