உயிர் காத்தலும் திருச்சபையும்: சிட்னி நகரின் சான்று

பாவத்தைக் கண்டிக்கும் திருச்சபை பாவியின் உயிரைக் காக்கவும் கடமைப்பட்டதா? ஆஸ்திரேலியத் திருச்சபை வரலாற்றில் இவ்வினா 1999இல் கூர்மையாக எழுந்தது.

சிட்னியின் கிங்ஸ் கிராஸ் பகுதியில் ஹெராயினை ஊசிமூலம் ஏற்றிக்கொண்டோர் பலர் மிகையளவால் மாண்டனர். மிகையளவு மூச்சை அடக்கும். அருகிலிருப்போர் உடனே பிராணவாயுவும் நலோக்சோன் மருந்தும் அளித்தால் பெரும்பாலோர் பிழைப்பர். ஆகவே தனிமையே பெரும் ஆபத்து.

1964இல் மெதடிஸ்டு போதகர் டெட் நோஃப்ஸ் நிறுவிய வேய்சைடு சிற்றாலயத்தில், 1999 மே மாதம் போதகர் ரே ரிச்மண்ட் சட்டத்தை மீறி, இவர்கள் பிறர் கண்காணிப்பில் ஊசியேற்றிக்கொள்ள ஓர் அறையைத் திறந்தார். காவல்துறையினர் சோதனையிட்டனர், அறை நீடிக்கவில்லை. ஆயினும் அம்மாதமே கூடிய மாநில மாநாடு, மருத்துவக் கண்காணிப்புடைய நிலையமொன்றைச் சோதனைமுறையில் நிறுவப் பரிந்துரைத்தது. அதை நடத்த முன்வந்த கத்தோலிக்க அருட்சகோதரிகள் வத்திக்கானின் கட்டளைப்படி விலகினர். ஐக்கியத் திருச்சபை அப்பொறுப்பை ஏற்று, 2001 மே மாதம் நிலையத்தைத் திறந்தது. 2010இல் அது சட்டப்படி நிரந்தரமாயிற்று. 2021இல் இருபதாண்டு நிறைவுற்றபோதும் அங்கு ஒருவரும் மிகையளவால் மரித்ததில்லை.

தீமைக்கு உடந்தையாகலாகாது என்னும் அச்சம் அற்பமானதன்று. எனினும் அந்நிலையம் போதைப்பொருளை வழங்குவதில்லை. விழித்திருக்கும் கண்களையே வழங்குகிறது. மனந்திரும்ப அழைக்கும் நாம், அழைக்கப்படுபவன் நாளைவரை உயிரோடிருக்க வேண்டும் என்பதை மறக்கலாகாது.