வலிமை, அறிவு, அன்பு: விலங்குகளை வரிசைப்படுத்திய வரலாறு

விலங்குகளுள் வலிமை மிக்கது எது? அறிவு மிக்கது எது? நம் அன்புக்கு உரியது எது? இம்மூன்று வினாக்களைத் தமிழ்ப்பள்ளி மாணவர் முன் வைத்தால் வகுப்பறை உடனே உயிர்பெறும். முதல் வினாவிற்கு யானைக் கட்சியும் புலிக் கட்சியும் தோன்றும். இரண்டாவதற்குக் குரங்கும் நரியும் சருகுமானும் போட்டியிடும். மூன்றாவதற்கு வீட்டுப் பூனையும் நாயும் வந்து நிற்கும். மூன்று பட்டியலிலும் ஒரே விலங்கு முதலிடம் பெறுதல் அரிது.

சிறுவர் விளையாட்டாகத் தோன்றும் இவ்வினாக்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. தமிழ் இலக்கணமும் அறநூலும் இவற்றுக்கு விடை கூறியுள்ளன. மலாய் வரலாற்று நூலும் கதைமரபும் விடை கூறியுள்ளன. இவ்விரு மொழிகளும் அருகருகே வழங்கும் ஜொகூர் மண்ணில் நின்று அவ்விடைகளைத் திரும்பிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

வலிமை என்னும் அளவுகோல்

ஜொகூர் மாநிலச் சின்னத்தின் இருபுறமும் புலிகள் நிற்கின்றன. அவற்றைச் சூழ்ந்து கேம்பிர் செடியும் மிளகுக் கொடியும் வரையப்பட்டுள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மாநிலத்தின் பொருளியலைத் தாங்கிய பயிர்கள் அவை. அப்பயிர்களுக்காகக் காடழித்த தொழிலாளர் பலர் புலிக்கு இரையாயினர். சிங்கப்பூரிலும் அதே நிலை இருந்தது. அங்குப் புலியைக் கொன்றவருக்கு அரசு பரிசுப் பணம் வழங்கியது. ஆகவே இச்சின்னத்தில் பயிரும், அப்பயிரை நட்டவரை அச்சுறுத்திய விலங்கும் ஒருங்கே இடம்பெற்றுள்ளன. அச்சத்திற்குரிய ஆற்றலே பெருமைக்குரிய அடையாளமாகவும் மாறியது.

அவ்வச்சம் மொழியிலும் பதிந்துள்ளது. காட்டை ஒட்டி வாழ்ந்த மலாய் மக்கள் புலியை அதன் பெயரால் சுட்டத் தயங்கி, 'டோக் பெலாங்' என்று வழங்கினர். வரிகளையுடைய பாட்டனார் என்பது அதன் பொருள். தமிழர் நச்சரவை 'நல்ல பாம்பு' என்று குறிப்பதும் இத்தகையதே. வலிமையுடையதற்கு உறவுப்பெயரோ நற்பெயரோ சூட்டி அதன் சினத்தைத் தணிக்க முயல்வது மனித இயல்பு.

எனினும் வலிமையை மட்டும் கொண்டு விலங்குகளை நிலையாக வரிசைப்படுத்த முடியுமா? முடியாது என்பதைத் திருக்குறள் நான்கு இடங்களில் உணர்த்துகின்றது. பேருடலும் கூரிய கொம்பும் வாய்த்த யானை, புலி தாக்கும்போது அஞ்சும் என்கிறது 599ஆம் குறள். அங்கு அளவுகோல் ஊக்கம். ஆழ்ந்த நீரில் வெல்லும் முதலை, நீரை விட்டு நீங்கினால் பிற உயிர்களிடம் தோற்கும் என்பது 495ஆம் குறளின் கருத்து. வேலேந்திய வீரரை எதிர்த்த களிற்றையும் சேற்றில் கால் புதைந்தபோது நரி கொன்றுவிடும் என்பது 500ஆம் குறளின் கருத்து. இவ்விரண்டிலும் அளவுகோல் இடம். பகலில் காக்கை தன்னினும் வலிய கூகையை வெல்லும் என்று 481ஆம் குறள் கூறுமிடத்து அளவுகோல் காலம். வள்ளுவர் இவற்றை விலங்கியலாகக் கூறவில்லை; அரசருக்குரிய அறிவுரையாகக் கூறினார். ஆயினும் வலிமை என்பது உடலில் மட்டும் உறைவதன்று, இடத்தோடும் காலத்தோடும் சேர்ந்தே அமைவது என்னும் உண்மை இவற்றில் தெளிவாக உள்ளது.

அறிவு என்னும் அளவுகோல்

உயிர்களை அறிவின் அடிப்படையில் முறையாக வகுத்த தமிழ் நூல் தொல்காப்பியம். அதன் பொருளதிகாரத்தின் இறுதி இயலாகிய மரபியலில் இப்பகுப்பு அமைந்துள்ளது. மரபியலைப் பிற்காலச் சேர்க்கையாகக் கருதும் அறிஞரும் உளர். எவ்வாறாயினும் இது பழந்தமிழ்ச் சிந்தனையின் ஒரு சான்று என்பதில் ஐயமில்லை.

இங்கு 'அறிவு' என்னும் சொல் முதலில் புலனுணர்வையே குறிக்கும். தொடுதலால் மட்டும் அறிவன புல்லும் மரமும். அதனோடு நாவின் உணர்வும் பெற்றவை நத்தை முதலியன. மூக்குணர்வும் சேர்ந்தவை கறையானும் எறும்பும். கண்ணுணர்வும் பெற்றவை நண்டும் தும்பியும். செவியுணர்வோடு ஐந்தும் நிரம்பியவை விலங்குகள். இவ்வைந்தோடு மனமும் வாய்த்தவர் மக்கள். சமண நூல்களிலும் புலன்களின் எண்ணிக்கையால் உயிர்களை வகுக்கும் முறை உண்டு. அங்கு அப்பகுப்பு கொல்லாமை அறத்தோடு இணைந்து நிற்கின்றது.

கிரேக்கத்தில் அரிஸ்டாட்டிலும் ஏறத்தாழ இத்தகைய படிநிலையைக் கண்டார். செடிகளுக்கு வளர்ச்சி, விலங்குகளுக்கு வளர்ச்சியோடு உணர்ச்சி, மனிதனுக்கு அவற்றோடு பகுத்தறிவு என்பது அவர் கொள்கை. பிற்கால ஐரோப்பாவில் இது உயிர்களின் நீண்ட சங்கிலியாக விரிந்தது. அச்சங்கிலியில் ஒவ்வோர் உயிருக்கும் மாறாத இடம் உண்டு.

தொல்காப்பியப் பகுப்பிலோ இரண்டு கதவுகள் திறந்துள்ளன. முதலாவது, கீழ்நோக்கித் திறக்கும் கதவு. ஐயறிவுடையவற்றுள் 'மா' எனப்படும் விலங்கோடு 'மாக்கள்' என்போரும் வைக்கப்பட்டுள்ளனர். மனவுணர்வு குன்றிய மாந்தரை அச்சொல் குறிக்கும். மனித உடலோடு பிறந்ததனாலேயே ஒருவர் ஆறாம் படியில் நின்றுவிட முடியாது. இரண்டாவது, மேல்நோக்கித் திறக்கும் கதவு. விலங்குகளுள்ளும் ஒருசாரன ஆறறிவு உடையன என்று நூல் குறிக்கின்றது. கிளி, குரங்கு, யானை ஆகியவற்றை உரைமரபு அதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளும்.

இம்மூன்று பெயர்களும் இன்றைய ஆய்வாளர்க்குப் புதியன அல்ல. அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் 1977 முதல் பயிற்றிய அலெக்ஸ் என்னும் சாம்பல்நிறக் கிளி, நிறத்தையும் வடிவத்தையும் பெயரிட்டுக் கூறியது. சிறு எண்ணிக்கைகளையும் அறிந்திருந்தது. நியூயார்க் நகர விலங்ககத்தில் ஓர் ஆசிய யானை, கண்ணாடியில் தெரிந்த உருவம் தன்னுடையதே என உணர்ந்து, தன் நெற்றியில் இடப்பட்ட அடையாளத்தைத் துதிக்கையால் தொட்டது. அவ்வாய்வு 2006இல் வெளிவந்தது. இவற்றைக் கொண்டு நம் உரையாசிரியர் இன்றைய அறிவியலை அன்றே கண்டனர் என்று பறைசாற்றுதல் பொருந்தாது. அவர்கள் சோதனை நடத்தவில்லை. உடன் வாழ்ந்து உற்றுநோக்கினர். அந்நோக்கம் தம் கண்முன் தெரிந்த விதிவிலக்கை மறைக்காத நேர்மை உடையதாக இருந்தது. நாம் பெருமை கொள்ளவேண்டியது அதனையே.

சிறியது வெல்லும் கதைகள்

புலனுணர்வின் வரிசை இலக்கணத்தில் அமைந்தது. சூழ்ச்சியறிவின் வரிசையோ கதைகளில் வளர்ந்தது. ஜொகூருக்கு அண்டை மாநிலமாகிய மலாக்காவின் சின்னத்தில் புலிகள் இல்லை. அங்கு நிற்பவை இரண்டு சருகுமான்கள். ஏறத்தாழ இரண்டு கிலோ எடையே உள்ள இவ்விலங்கு வேட்டைநாயை உதைத்து வீழ்த்தியதைக் கண்ட மன்னர், சிறியதும் வீரம் பெறும் இம்மண்ணே நகரமைக்கத் தக்கது எனத் தேர்ந்தார் என்பது 'செஜாரா மெலாயு' கூறும் செய்தி. அந்நூல் ஜொகூர் அரசின் பெண்டஹாராவாக விளங்கிய துன் ஸ்ரீ லானாங்கின் பெயரோடும் 1612ஆம் ஆண்டோடும் இணைத்துப் பேசப்படுவது. மலாக்கா 1511இல் போர்த்துக்கீசியரிடம் வீழ்ந்தபின் அதன் அரசமரபு ஜொகூரில் தொடர்ந்தது. இழந்த நகரின் தோற்றத்தை ஜொகூரில் இருந்து நினைவுகூர்ந்தபோது, வலியவரை எதிர்த்துநின்ற சிற்றுயிரின் கதை அவர்களுக்கு ஆறுதலாகவும் இருந்திருக்கலாம்.

நாட்டுப்புறக் கதைகளில் இச்சருகுமான் 'சாங் கஞ்சில்' என மதிப்புப்பெயர் பெற்று, புலியையும் முதலையையும் ஏமாற்றுகின்றது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது கேட்ட குரலாகவே ஒலிக்கும். பஞ்சதந்திரத்தில் முயல் சிங்கத்தைக் கிணற்றுக்கு அழைத்துச் சென்று அதன் நிழலைக் காட்டிக் கொன்ற கதையை அறியாதார் யார்?

இவ்விரு மரபுகளும் எழுத்திலும் சந்தித்தன. மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா, 1835இல் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாயில் பெயர்த்தார். தமிழறிந்த நண்பர் ஒருவர் அவருக்குத் துணைநின்றார். இளமையில் தாம் தமிழ் கற்றதை அப்துல்லா தம் வாழ்க்கை வரலாற்றில் குறிப்பிடுகின்றார். வணிகக் கணக்கிற்கும் உரையாடலுக்கும் பயன்படும் மொழியாக மலாக்காவில் அன்று தமிழ் விளங்கியது. சிங்கமும் எருதும் நரியும் தமிழின் வழியே மலாய் வாசகரிடம் சென்ற வரலாற்றை நம் மாணவர் அறிதல் வேண்டும். மலாய்க் காட்டில் சிங்கம் வாழ்ந்ததே இல்லை. ஆயினும் விலங்கரசன் என்னும் பட்டத்தை அது இங்கும் பெற்றது. அவ்வரியணையைச் சிங்கத்திற்கு அளித்தவை மொழியும் கதையுமே.

அன்பு என்னும் அளவுகோல்

அன்புக்கு இலக்கணத்தில் இடம் உண்டா? உண்டு என்பதற்கு மரபியல் கூறும் இளமைப்பெயர்களே சான்று. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்னும் ஒன்பது பெயர்களை அது தொகுத்து, எவ்வுயிருக்கு எது உரியது என வரையறுக்கின்றது. மக்களுக்கு உரியவை குழவி, மகவு என்னும் இரண்டே. ஆயின் 'குழவி' என்னும் பெயர் மக்களுக்கு மட்டும் உரியதன்று. யானை, பசு, எருமை, குரங்கு ஆகியவற்றின் இளமையும் அப்பெயர் பெறும். ஓரறிவுடைய செடிகொடிகளுக்கும் பிள்ளை, குழவி, கன்று என்னும் பெயர்கள் பொருந்தும் என்கிறது நூல். இன்றும் நாம் தென்னம்பிள்ளை என்கிறோம், வாழைக்கன்று என்கிறோம்.

மற்றொன்றும் கருதத்தக்கது. 'குருளை' என்னும் பெயர் புலிக்கும் நாய்க்கும் பன்றிக்கும் முயலுக்கும் பொதுவாக உரியது. வளர்ந்தபின் ஒன்றையொன்று வேட்டையாடும் உயிர்கள், தாய்மடியில் ஒரே பெயரால் அழைக்கப்பட்டன. அறிவின் படிகளில் மேலும் கீழுமாகப் பிரித்த அதே இயல், இளமையைப் பெயரிடும்போது அப்படிகளைக் கடந்து உறவு காட்டுகின்றது.

வரிசையின் விளைவு

இவ்வரிசைகள் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. விலங்குகளின் வாழ்வையும் சாவையும் தீர்மானித்தன. வலிமையில் முதலிடம் பெற்ற புலியை வேட்டையாடுவது அரசர்க்கும் ஆங்கில அதிகாரிகளுக்கும் பெருமையாயிற்று. ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் புகழ்பெற்ற புலிவேட்டைக்காரர். அவரே 1928இல் ஜொகூர் பாருவில் விலங்குக் காட்சிச்சாலையையும் நிறுவினார். அது 1962இல் மாநில அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. வேட்டையாடிய கையே காத்து வளர்க்கவும் செய்தது என்பது அக்காலத்தின் முரண்.

1950களில் தீபகற்ப மலேசியாவில் ஏறத்தாழ மூவாயிரம் புலிகள் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு, காட்டில் எஞ்சியவை 150க்கும் குறைவு என மதிப்பிட்டது. நாட்டின் சின்னத்தில் புலி நிற்கின்றது. காட்டில் அதற்கு நிற்க இடமில்லை. யானையின் நிலையும் எண்ணத்தக்கது. குளுவாங், கோத்தா திங்கி வட்டாரங்களில் செம்பனைத் தோட்டங்களுக்குள் யானைகள் புகுவது தொடர்கின்றது. ஓராண்டு உழைப்பை ஓரிரவில் இழக்கும் சிறுதோட்டக்காரரின் துயரம் உண்மையானது. காடு தோட்டமான பின்னும் தன் பழைய வழியை மறவாத யானையின் நினைவாற்றலும் உண்மையானது. அறிவென்று நாம் போற்றும் பண்பே அங்குக் குற்றமாக எண்ணப்படுகின்றது.

ஆகவே ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். வலியது எது, அறிவுடையது எது, இனியது எது என்று மாணவர் வரிசைப்படுத்தட்டும், அதனைத் தடுக்கவேண்டியதில்லை. வரிசை முடிந்தபின் மேலும் மூன்று வினாக்களைக் கேட்கலாம். எந்த இடத்தில், எந்தக் காலத்தில் அது வலியது? எந்த அளவுகோலால் அது அறிவுடையது? அளந்தவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை தேடும் மாணவர் குறளையும் தொல்காப்பியத்தையும் மனப்பாடப் பகுதிகளாக அன்றிச் சிந்தனைக் கருவிகளாகக் கையாளத் தொடங்குவர்.

அளந்தவர் மனிதரே என்பது விரைவில் அவர்களுக்குப் புலப்படும். அவ்வாறு அளக்கும் மனிதரையும் விட்டுவைக்காமல் அளந்தது நம் இலக்கணம். மக்களுக்கு ஆறாம் அறிவை வழங்கிய அந்நூல், அதனைப் பயன்படுத்தாதாரை மாக்கள் என ஒரு படி கீழே வைத்தது. புலியும் யானையும் இம்மண்ணில் எஞ்சுமா என்னும் வினாவில் அளக்கப்படுவது அவற்றின் வலிமையன்று. நம் ஆறாம் அறிவே.