துருவ நெடும்பந்தயங்கள்

வடதுருவத்தையும் தென்துருவத்தையும் ஒட்டிய உறைநிலங்களிலும் அவற்றுக்கு இணையான குளிர்நிலங்களிலும் நடந்தோ, ஓடியோ, பனிச்சறுக்குக் கட்டைகளிலோ, மிதிவண்டியிலோ நெடுந்தொலைவைக் கடக்கும் போட்டிகள் துருவ நெடும்பந்தயங்கள் எனப்படும். ஒரே நாளில் முடியும் மராத்தான் முதல் ஒரு மாதம் நீளும் 1,600 கிலோமீட்டர் பயணம் வரை இவற்றில் பல வகை உண்டு. மருத்துவர், ஆசிரியர், வங்கி ஊழியர் என வேறு பிழைப்பு உள்ள சாதாரண மனிதர்களை மனத்தில் கொண்டே இவற்றுள் பெரும்பாலானவை உருவாயின. நீண்ட பந்தயங்களில் உணவு, எரிபொருள், உறக்கப்பை ஆகியவற்றைப் போட்டியாளரே சறுக்கு வண்டியில் இழுத்துச் செல்ல வேண்டும். குளிரில் தம் உடலைத் தாமே காத்துக்கொள்ளவும் வேண்டும். முந்தி வருவதைவிடக் கைவிரல் பத்தும் கால்விரல் பத்தும் நலமாக வந்து சேர்வதே இங்கே பெரிய வெற்றி.

தோற்றம்

துருவத்தை நோக்கிய மிகப் புகழ்பெற்ற போட்டி துயரத்தில் முடிந்தது. நார்வேயின் ருவால் அமுண்ட்சென் 1911 டிசம்பர் 14 அன்று தென்துருவத்தை அடைந்தார். பிரிட்டனின் ராபர்ட் ஸ்காட் 1912 ஜனவரி 17 அன்று அங்கே சேர்ந்தபோது நார்வேக் கொடி ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தது. திரும்பும் வழியில் ஸ்காட்டும் உடன் சென்ற நால்வரும் பசியாலும் குளிராலும் இறந்தனர். அந்தக் காலத்தில் கப்பலும் பெரும் பொருளுதவியும் ஆண்டுக்கணக்கான ஆயத்தமும் இல்லாமல் துருவத்தை எண்ணிப் பார்க்கவும் முடியாது.

20ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த நிலை மாறியது. பனிமீது இறங்கும் சிறு விமானங்கள் வாடகைக்குக் கிடைத்தன. செயற்கைக்கோள் வழியே இருப்பிடம் காட்டும் ஜிபிஎஸ் கருவி கைக்கு அடக்கமாக வந்தது. கூடாரமும் சறுக்கு வண்டியும் எடை குறைந்தன. 1997இல் பிரிட்டனைச் சேர்ந்த 20 பெண்கள், நால்வர் கொண்ட ஐந்து குழுக்களாகப் பிரிந்து, தொடர் ஓட்டத்தில் கோலைக் கைமாற்றுவதுபோல ஒரு குழு விட்ட இடத்திலிருந்து அடுத்த குழு தொடர வடதுருவத்தை எட்டினர். அனுபவம் மிக்க இரண்டு வழிகாட்டிகள் மட்டும் முழுத் தொலைவும் உடன் சென்றனர். முதல் குழுவில் இருந்த ஆன் டேனியல்ஸ், ஒரே பிரசவத்தில் பிறந்த மூன்று குழந்தைகளின் தாய். அதற்கு முன் பனிப்பயண அனுபவம் ஏதும் இல்லாதவர். பின்னாளில் அவர் இரு துருவங்களையும் பனிச்சறுக்கிச் சென்றடைந்தார். பயிற்சியும் நல்ல வழிகாட்டலும் இருந்தால் துருவம் யாருக்கும் எட்டும் என்பதை இந்தப் பயணம் உலகுக்குக் காட்டியது.

காந்த வடதுருவப் போட்டி

சாதாரண மனிதர்களுக்கான துருவப் பந்தயம் என்ற எண்ணத்துக்கு உருவம் கொடுத்தவர்களுள் முக்கியமானவர் பிரிட்டனின் ஜாக் விஷார்ட். 2003இல் அவர் தொடங்கிய 'போலார் ரேஸ்', கனடாவின் நுனாவுட் பகுதியிலுள்ள ரெசொலூட் என்ற சிற்றூரிலிருந்து காந்த வடதுருவத்தை நோக்கிச் சென்றது. 'போலார் சேலஞ்ச்' என்ற வேறொரு போட்டியும் ஏறத்தாழ இதே தடத்தில் நடந்தது. தொலைவு சுமார் 560 கிலோமீட்டர். சிறு அணிகள் உறைந்த கடலின் மேல் நடந்தும் சறுக்கியும், கூடாரமடித்துத் தங்கியும் முன்னேறின.

இப்போட்டிகளின் இலக்கு 1996ஆம் ஆண்டில் காந்த வடதுருவம் இருந்த புள்ளி. புவியின் சுழல் அச்சு மேற்பரப்பைச் சந்திக்கும் வடதுருவம் நிலையாக இருப்பது. திசைகாட்டி முள் செங்குத்தாகக் கீழ்நோக்கும் காந்தத் துருவமோ ஓரிடத்தில் நிற்பதில்லை. 1831இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் அதைக் கனடாவின் பூத்தியா தீபகற்பத்தில் கண்டறிந்தார். 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஆண்டுக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் சைபீரியப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. எனவே, எல்லெஃப் ரிங்னெஸ் தீவையொட்டி 1996இல் குறிக்கப்பட்ட இடமே முடிவுக்கோடாயிற்று.

இந்தத் தடத்தில் திசைகாட்டியை நம்ப முடியாது. காந்தத் துருவத்துக்கு அருகே முள்ளைக் கிடைமட்டமாக இழுக்கும் விசை மிகவும் குறைந்துவிடும். போட்டியாளர்கள் ஜிபிஎஸ் கருவியையும், சூரியன் நிற்கும் திசையையும், காற்று ஒரே பக்கமாக அரித்து உண்டாக்கிய பனி வரப்புகளையும் பார்த்து நடந்தனர். கடற்பனிப் பாளங்கள் மோதி எழுப்பிய பனிக்கட்டிக் குவியல்கள் வழியை மறித்தன. வண்டியை அவற்றின்மேல் ஒவ்வொன்றாக ஏற்றி இறக்க வேண்டும். பனிக்கரடிகள் திரியும் பகுதி என்பதால் அணியினர் துப்பாக்கி கையாளப் பழகியிருக்க வேண்டும். இரவில் கூடாரத்தைச் சுற்றி எச்சரிக்கைக் கம்பி கட்டுவதும் வழக்கம். 2007இல் பிபிசியின் 'டாப் கியர்' நிகழ்ச்சி இதே இலக்கை நோக்கிக் காரையும் நாய்வண்டியையும் போட்டியிட வைத்தபோது இத்தடம் உலகெங்கும் பேசப்பட்டது.

ரெசொலூட் ஊருக்கும் ஒரு கதை உண்டு. இனுக்டிடுட் மொழியில் அதன் பெயர் கௌசுயித்துக். விடியல் இல்லாத இடம் என்று பொருள். 1953இல் கனடா அரசு இனுயிட் குடும்பங்களைத் தெற்கிலிருந்து கொண்டுவந்து இங்கே குடியேற்றியது. பழகிய வேட்டை நிலமும் உறவும் இழந்து, மாதக்கணக்கில் நீளும் இருளில் அவர்கள் பட்ட துன்பத்துக்கு அரசு 2010இல்தான் மன்னிப்புக் கேட்டது. போட்டியாளர் விரும்பி வந்து சில வாரங்கள் தாங்கும் குளிரை, அந்த மக்கள் தாம் தேர்ந்துகொள்ளாத வாழ்வாக ஏற்றுத் தலைமுறைகளாக வாழ்ந்துவருகின்றனர். மென்மயிர் விளிம்பு வைத்த தலைமூடியோடு கூடிய மேலங்கி உட்பட, இன்றைய துருவ உடையின் அடிப்படைகள் பலவும் அவர்களுடைய முன்னோர் அறிவிலிருந்து வந்தவை.

தென்துருவப் போட்டி

அமுண்ட்சென், ஸ்காட் காலத்துக்குப் பின் தென்துருவத்தை நோக்கிய அணிப்பந்தயம் 2009 ஜனவரியில் நடந்தது. நார்வே அணி முதலாவதாக வந்தது. இரண்டாம் இடம் பெற்ற பிரிட்டிஷ் அணியில் ஒலிம்பிக் துடுப்புப் படகு வீரர் ஜேம்ஸ் கிராக்னெல், தொலைக்காட்சித் தொகுப்பாளர் பென் ஃபோகல் ஆகியோருடன், விண்ணப்பித்தவர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவர் எட் கோட்ஸும் இருந்தார். ஒலிம்பிக்கில் இருமுறை தங்கம் வென்றவரும் பனிக்குப் புதியவரான ஒரு மருத்துவரும் ஒரே கூடாரத்தில் ஒரே உணவைப் பகிர்ந்து ஒரே தொலைவைக் கடந்தனர்.

தடப் பந்தயங்கள்

துருவத்தைத் தொடாமல், ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டியும் அதற்குத் தெற்கிலும் உள்ள குளிர்நிலங்களில் நடக்கும் பந்தயங்களே இன்று எண்ணிக்கையில் மிகுதி. செலவும் இவற்றில் ஒப்பீட்டளவில் குறைவு.

*யூகான் ஆர்க்டிக் அல்ட்ரா:* கனடாவில் 2003 முதல் பிப்ரவரியில் நடந்துவருவது. பல ஆண்டுகள் நாய்வண்டிப் பந்தயத்துக்கான தடத்தில் மராத்தான், 100 மைல், 300 மைல் பிரிவுகள் இருந்தன. டாசன் நகரம் வரை செல்லும் 430 மைல் பிரிவு ஓராண்டு விட்டு ஓராண்டு நடந்தது. 2018இல் கடுங்குளிர் தாக்கியபோது 300 மைல் பிரிவை முடித்தவர் ஒரே ஒருவர். பனிக்கடியால் ஒரு போட்டியாளர் கால்களையும் ஒரு கையையும் இழந்ததும் அந்த ஆண்டில்தான்.

*இடிடரோட் டிரெயில் இன்விடேஷனல்:* அலாஸ்காவின் புகழ்பெற்ற நாய்வண்டித் தடத்தில் 350 மைல், 1,000 மைல் பிரிவுகள். நடப்போர், சறுக்குவோர், மிதிவண்டியில் செல்வோர் மூவரும் ஒன்றாகப் புறப்படுவர். இத்தடத்தில் 1987இல் தொடங்கிய மிதிவண்டிப் போட்டி, மென்பனியில் புதையாத அகன்ற சக்கர மிதிவண்டி உருவாக ஒரு முக்கியத் தூண்டுதலாக அமைந்தது.

*ஆரோஹெட் 135:* அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 2005 முதல் ஜனவரி இறுதியில் நடப்பது. 135 மைலை 60 மணி நேரத்தில் கடக்க வேண்டும். புறப்பட்டவர்களில் பாதிப் பேர்கூட முடிக்காத ஆண்டுகள் பல.

*6633 ஆர்க்டிக் அல்ட்ரா:* கனடாவில் ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்து ஆர்க்டிக் பெருங்கடல் கரையிலுள்ள துக்டோயாக்டுக் வரை செல்வது. 66 பாகை 33 கலை என்ற அட்சரேகையே பெயராயிற்று.

*எக்ஸ்பெடிஷன் அமுண்ட்சென்:* நார்வேயின் ஹார்டாங்கர்விட்டா பீடபூமியில் 40 கிலோ எடையுள்ள வண்டியை இழுத்தபடி 100 கிலோமீட்டர் பனிச்சறுக்கு. இளம் வயதில் அமுண்ட்செனையே திணறடித்த நிலம் இது.

*ஆர்க்டிக் சர்க்கிள் ரேஸ்:* கிரீன்லாந்தின் சிசிமியூட் நகரையொட்டி மூன்று நாட்களில் 160 கிலோமீட்டர் பனிச்சறுக்கு.

இவற்றோடு பனி மராத்தான்களும் உண்டு. அயர்லாந்தின் ரிச்சர்ட் டோனவன் 2002இல் வடதுருவத்தில் தனியே மராத்தான் ஓடினார். மறு ஆண்டே அதைப் போட்டியாக்கினார். உறைந்த ஆர்க்டிக் பெருங்கடலின் மேல் ஆண்டுதோறும் ஏப்ரலில் அமைக்கப்பட்ட பார்னியோ முகாமைச் சுற்றிச் சுற்றி ஓடி 42.195 கிலோமீட்டரை நிறைவு செய்ய வேண்டியிருந்தது. காலடியில் இருந்தது மிதக்கும் பனி என்பதால், ஓடியவர் அறியாமலே தடம் முழுவதும் நகர்ந்துகொண்டிருந்தது. டோனவனே தொடங்கிய அண்டார்க்டிக் ஐஸ் மராத்தான் இப்போது 80 பாகை தெற்கிலுள்ள யூனியன் பனியாற்றில் நடக்கிறது.

குளிரும் உடலும்

வெப்பநிலையைவிடக் காற்றே கொடியது. உறைநிலைக்குக் கீழே 30 பாகை செல்சியஸ் குளிரில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று வீசினால் உடல் உணர்வது ஏறக்குறைய 48 பாகைக் குளிரை. அந்த நிலையில் மூடாத தோல் சில நிமிடங்களிலேயே உறையத் தொடங்கும். மூக்கு நுனி, காது மடல், கன்னம், விரல்கள் ஆகியவற்றில் இரத்த ஓட்டம் குறைந்து திசு உறைவதே பனிக்கடி. முதலில் வலிக்கும், பிறகு மரத்துப்போகும். வலி நின்றுவிட்டது என்று நிம்மதி அடைபவர் பேராபத்தில் இருக்கிறார். பாதிக்கப்பட்டவருக்குத் தன் முகத்தில் தோன்றும் வெள்ளைத் திட்டு தெரியாது என்பதால், அணியினர் அடிக்கடி ஒருவர் முகத்தை ஒருவர் உற்றுப் பார்ப்பது விதி. உறைந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. மீண்டும் உறைய வாய்ப்பிருந்தால் அதைச் சூடேற்றி இளக்கவும் கூடாது. இளகிய திசு மறுபடி உறைந்தால் சேதம் பன்மடங்காகும்.

உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே போவது மற்றோர் ஆபத்து. நடுக்கம், நாக்குழறல், தடுமாற்றம், பிறகு காரணமற்ற பிடிவாதம் என்று அது வளரும். சிந்தனையையும் மங்கச் செய்வதால், தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணமும் அதோடு மங்கிவிடும்.

வியர்வையும் இங்கே பகை. வேகமாக நடந்து வியர்த்தவர் நின்றதும் அந்த ஈரம் உறையும். ஆகையால் தேர்ந்தவர்கள் புறப்படும்போது சற்றுக் குளிரும்படியே உடுத்துவர்; நின்ற கணத்தில் தூவி நிரப்பிய மேலங்கியைப் போர்த்துவர். ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பருத்திக்கு இங்கே இடமில்லை. உடலை ஒட்டி அணிவது பெரும்பாலும் கம்பளி.

உணவும் கருவியும்

வண்டி இழுக்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 6,000 கலோரியும் அதற்கு மேலும் தேவைப்படலாம். வெண்ணெய், பாலாடைக்கட்டி, கொட்டைகள், சாக்லேட் எனக் கொழுப்பு மிகுந்தவையே முதன்மை உணவு. அவற்றை வீட்டிலேயே சிறு துண்டுகளாக நறுக்கிக்கொள்வர். உறைந்த சாக்லேட் கட்டியைக் கடித்தால் பல் உடையும். தண்ணீருக்குப் பனியை உருக்க வேண்டும். பாத்திரத்தில் முதலில் சிறிது தண்ணீர் ஊற்றிவிட்டே பனியை இடுவர். வெறும் பனியை இட்டால் அடிப்பிடித்து ஒரு கருகல் சுவை ஏறிவிடும். அடுப்பு எரிபொருள் கடுங்குளிரிலும் உறையாது. அது கையில் சிந்தினால் தோல் அந்தக் கணமே உறையும்.

சிறு பொருள்களிலும் முன்யோசனை உண்டு. கையுறைகள் காற்றில் பறக்காதபடி கயிற்றால் மணிக்கட்டோடு கட்டப்படும். தடித்த கையுறையோடு பிடிக்க வசதியாக ஜிப்புகளில் நீளமான நாடா முடியப்படும். பேட்டரிகள் உடற்சூட்டில், சட்டைக்குள் இருக்கும்.

ஆயத்தம்

பனியே காணாத ஊரில் இருப்பவரும் இதற்குப் பயிலலாம். இடுப்பில் வார் கட்டி, பழைய டயரை மணலிலோ மண்பாதையிலோ மணிக்கணக்கில் இழுப்பதே உலகெங்கும் நடைமுறையிலுள்ள பயிற்சி. அதற்குப் பிறகு, அனுபவமுள்ளவர்களின் மேற்பார்வையில் பனியில் சில நாட்களாவது தங்கிக் கூடாரம் எழுப்பவும், கையுறை கழற்றாமல் அடுப்பு மூட்டவும், பனிக்கடியை அடையாளம் காணவும் பழக வேண்டும். பல போட்டிகள் முன்னனுபவச் சான்று கேட்கின்றன. ஆரோஹெட் போன்றவற்றில் உறக்கப்பை, அடுப்பு, ஊதல், அவசர உணவு ஆகியவை கட்டாயம். முடிவுக்கோட்டைத் தொடும்போதும் குறிப்பிட்ட அளவு எரிபொருளும் உணவும் கையில் மீந்திருக்க வேண்டும். கடைசிச் சொட்டு வரை செலவழித்து வெல்வதற்கு அங்கே இடமில்லை. நாளைக்கு ஒரு வேளை உணவு எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும் என்பதே பனிநிலத்தின் அறம். விதிகள் அதையே எழுத்தில் வைத்திருக்கின்றன.

இன்றைய நிலை

தடப் பந்தயங்கள் தொடர்ந்து வளர்கின்றன. கடற்பனியை நம்பிய போட்டிகளின் நிலை வேறு. விமானப் போக்குவரத்துச் சிக்கலால் 2019இல் பார்னியோ முகாம் இயங்காமல் வடதுருவ மராத்தான் ரத்தாயிற்று. காந்த வடதுருவப் போட்டிகள் இன்று நடப்பதில்லை.

2011 கோடையில் ஜாக் விஷார்ட் மறுபடியும் ரெசொலூட்டிலிருந்து அதே 1996 புள்ளியை நோக்கிப் புறப்பட்டார். இம்முறை ஆறு பேர் கொண்ட அவரது குழு சென்றது துடுப்புப் படகில். ஜூலை இறுதியில் கிளம்பியவர்கள் ஆகஸ்ட் இறுதியில், கடைசிப் பகுதியில் படகைப் பனிமீது இழுத்து, இலக்கை அடைந்தனர். ஏப்ரலில் அந்தக் கடல் இன்னமும் உறைந்தே இருக்கிறது. ஆனால் கோடைப் பனி அவ்வளவு பின்வாங்கியிராவிட்டால், அணிகள் வண்டி இழுத்து நடந்த அந்தத் தடத்தில் துடுப்பு வலித்துச் செல்ல வழி இருந்திருக்காது. சாதாரண மனிதர் பலரும் தம் காலால் அளந்து அறிந்த பனி அது. அங்கே நடந்து திரும்பிய ஒவ்வொருவரும் அதன் இருப்புக்கு ஒரு சாட்சி. அதைக் காக்க வேண்டும் என்று சொல்லும் உரிமையும் பொறுப்பும் அவர்களுக்கு உண்டு.