லூதர் வீட்டில ஆர் சமைச்சது?

விட்டன்பேர்க்குக்குப் போவம் எண்டு நான் கேட்க அக்கா சிரிச்சா. பேர்லினில பத்து வருசத்துக்கு மேல இருக்கிறா, ஒருநாளும் அங்க போனதில்லை. "சேர்ச் பாக்கவோ? இஞ்ச வீட்டுக்குப் பக்கத்திலயே மூண்டு கிடக்கு" எண்டா. எண்டாலும் ஒரு சனிக்கிழமை லீவு போட்டுட்டு வந்தா.

பள்ளிக்கூடத்தில நாங்கள் படிச்ச மார்ட்டின் லூதர் ஒரு கதவுக்கு முன்னால நிக்கிற மனிசன். 1517 ஒக்டோபர் 31, கையில சுத்தியல், பாவமன்னிப்புப் பத்திரங்கள் விக்கிறதை எதிர்த்து 95 கோட்பாடுகள். பரீட்சைக்கு அது காணும். அந்தக் கதவைப் பார்க்கிற ஆசையில்தான் நானும் போனேன். ஆனால் கோட்டைத் தேவாலயத்தின் பழைய மரக்கதவு 1760இல் எரிஞ்சு போச்சு. இப்ப நிக்கிறது 1858இல் போட்ட வெண்கலக் கதவு. லூதர் உண்மையிலேயே ஆணி அடிச்சாரோ, இல்லாட்டிப் பேராயருக்குக் கடிதம் மட்டும்தான் அனுப்பினாரோ எண்டதில ஆராய்ச்சியாளர்களுக்குள்ள இன்னும் பிடுங்குப்பாடு.

அதே தெருவால கிழக்கு நோக்கி நேர நடந்தால் மற்ற அந்தத்தில லூதரின் வீடு. வீடு எண்டு சொல்லுறமே ஒழிய, அது மூண்டு தட்டு மடம். 1504இல் அகுஸ்தீன் சபைத் துறவிகளுக்காகக் கட்டத் தொடங்கியது. லூதரும் துறவியாகத்தான் அதுக்குள்ள வந்தவர். அவரது சீர்திருத்தத்துக்குப் பிறகு துறவிகள் ஒவ்வொருவராக வெளிக்கிட்டுப் போக, மடம் வெறுமையானது. 1532இல் சக்சனியை ஆண்ட இளவரசர் அதை லூதர் குடும்பத்துக்கே எழுதிக் கொடுத்தார். லூதர் பிறந்து 400 ஆண்டான 1883இல் அது நூதனசாலையானது.

மேல்தட்டில 'லூதர் அறை' இருக்கு. பலகை அடிச்ச சுவர், யன்னலோரம் இருக்கை, நடுவில மேசை. வாசலுக்கு மேல, கண்ணாடிக்குப் பின்னால, 1712இல் வந்த ரஷ்யச் சக்கரவர்த்தி மகா பீற்றர் சோக்கால எழுதிய கையெழுத்து. சுவரில பேர் கிறுக்கிறது எங்கட ஆக்களின்ர பழக்கம் மட்டுமில்லை எண்டு ஒரு சின்ன ஆறுதல்.

சாப்பாட்டு நேரத்தில லூதர் பேசப் பேச, மாணவர்கள் பக்கத்தில இருந்து குறிப்பெடுப்பார்கள். அவர் இறந்து இருபது வருசம் கழிச்சு, 1566இல், அந்தக் குறிப்புகள் 'மேசைப் பேச்சு' எண்டு புத்தகமாக வந்தது. பிள்ளைகள், உறவுக்காரர், தங்கிப் படிக்கிற மாணவர், அடைக்கலம் தேடி வந்தவர் எண்டு சில காலங்களில் 30, 40 பேர் அந்த வீட்டில் இருந்தார்களாம். நான் இதை வாசிச்சுச் சொல்ல, அக்கா மேசையைப் பார்த்தபடி கேட்டா: "இவ்வளவு பேருக்கும் ஆர் சமைச்சது?"

நான் அந்தப் பக்கமே யோசிக்கேல்லை.

கத்தரீனா வொன் போரா 1499இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே கன்னியர் மடத்தில் விடப்பட்டவர். 1523 ஈஸ்டருக்கு முதல் இரவு வேறு கன்னியரோடு சேர்ந்து தப்பி ஓடினார். அவர்களை வண்டியில் கொண்டுவந்தவர் டோர்காவ் நகரத்து வியாபாரி ஒருவர். மீன் பீப்பாக்களுக்கு நடுவில ஒளிச்சு வந்ததாகக் கதை. 1525 ஜூனில் லூதரை மணந்தார். வெறும் மடத்தைக் குடியிருக்கிற வீடாக்கியது அவர்தான். பியர் வடித்தார், பன்றி வளர்த்தார், தோட்டமும் மீன்குளமும் பார்த்தார், தங்கின மாணவர்களிடம் காசு வாங்கினார். புத்தகம் அச்சடிச்சவர்களிடம் லூதர் ஒரு சதமும் வாங்கவில்லை. வீட்டுக் கணக்கை நிரவினது கத்தரீனா. 1527இல் கொள்ளைநோய் வந்தபோது வீடே ஆஸ்பத்திரியானது. 2000களின் நடுப்பகுதியில் அந்த வளவைத் தோண்டியபோது விலங்கு எலும்புகளும் உடைஞ்ச பாத்திரங்களும் அள்ளுப்பட்டு வந்தன. மேசைப் பேச்சுக்குப் புத்தகம் இருக்கு, சமையலுக்குச் சாட்சி அந்தக் குப்பைதான்.

இதே வீட்டில் இருந்துகொண்டு லூதர் எழுதியதெல்லாம் ஒரே மாதிரியானதில்லை. கலியாணம் கட்டிய அதே 1525இல், கிளர்ந்த விவசாயிகளை வெட்டிச் சாய்க்கச் சொல்லிப் பிரபுக்களுக்கு எழுதினார். 1543இல் யூதர்களுக்கு எதிராக ஒரு நூல்: அவர்களின் தொழுகைக்கூடங்களை எரி, வீடுகளை இடி எண்டு. நாலு நூற்றாண்டுக்குப் பிறகு நாசிகள் அதை எடுத்துப் பிடிச்சார்கள். எரிஞ்ச நூலகத்தின் ஊரில இருந்து வந்த எனக்கு அதைத் தாண்டிப் போறது லேசாக இல்லை. 'அந்தக் காலத்து மனிசன்' எண்டு சொல்லிக் கடக்கவும் மனம் வரேல்லை. ஒவ்வொரு சனமும் தன்ர பாசையில வேதம் வாசிக்க வேணும் எண்டு நிண்டவரும் அவர்தான். அவர் வழி வந்த சீகன்பால்கு ஹால நகரத்தில் படிச்சு, 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் படிச்சார். 1715இல் தமிழில புதிய ஏற்பாடு முழுசாக அச்சாகி முடிஞ்சது. ஹால இங்கயிருந்து எட்டின தூரமில்லை. யாழ்ப்பாணத்துக்கு ஒல்லாந்தர் கொண்டுவந்தது கல்வினின் வழி, லூதரின் வழியில்லை. எண்டாலும் எங்கட புரட்டஸ்தாந்துக் கோயில்களின்ர கதை இந்த ஊரைத் தொடாமல் தொடங்காது.

கத்தரீனாவின் கதை லூதரோட முடியேல்லை. 1542இல் லூதர் தன் கையால உயில் எழுதி எல்லாத்தையும் மனைவிக்கே விட்டார். வழக்கறிஞர்களில் அவருக்கு நம்பிக்கை இல்லை, அதனால் சட்டப்படியான ஒழுங்கு ஒண்டும் பார்க்கவில்லை. 1546இல் அவர் இறந்ததும் அது செல்லுபடியாகாது எண்டு ஆனது. சக்சனிச் சட்டத்தில் விதவைக்குப் பாதுகாவலர் வேண்டும். பெரிய வீட்டை விட்டிட்டுச் சின்னதாக இருங்கோ எண்டு அதிகாரத்தில் இருந்தவர்கள் புத்தி சொன்னார்கள். அவர் அசையவில்லை. கடைசியில் இளவரசர் தலையிட்டு உயிலைப் பெருமளவு ஏற்றுக்கொண்டார். அந்த வருசமே போர். இரண்டு தரம் ஊரை விட்டு ஓடித் திரும்பினார். நிலங்கள் பாழாய்க் கிடந்தன. திரும்பவும் மாணவர்களை வாடகைக்கு வைச்சுத்தான் வாழ்ந்தார். 1552இல் கொள்ளைநோய்க்குப் பயந்து மூன்றாந்தரம் வெளிக்கிட்டபோது, வழியில வண்டி குழம்பி விழுந்து காயப்பட்டார். அந்தக் காயத்தோடயே டோர்காவில் டிசெம்பர் 20இல் இறந்தார். 1564இல் பிள்ளைகள் வீட்டைப் பல்கலைக்கழகத்துக்கு வித்தார்கள்.

முற்றத்தில ஒரு கல் வாசல் இருக்கு. 1540இல் கத்தரீனா லூதருக்குப் பிறந்தநாள் பரிசாகச் செய்வித்தது. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கல் இருக்கை. ஒரு பக்கத்தில மேல லூதரின் முகம், மற்றப் பக்கத்தில அவரது ரோசாப்பூச் சின்னம். கத்தரீனாவின்ர முகம் அதில இல்லை. அவருக்கு முற்றத்தில தனியாக ஒரு வெண்கலச் சிலை, 1999இல் வைச்சது.

அக்கா அந்தக் கல் இருக்கையில இருந்து சப்பாத்தைக் கழட்டிக் காலை நீட்டினா. டோர்காவில அவர் இறந்த வீடும் இப்ப ஒரு சின்ன நூதனசாலை எண்டு நான் சொல்ல, "அடுத்த முறை முதல்ல அங்க போவம்" எண்டா. ரெயிலுக்கு இருபது நிமிசம்தான் இருந்தது.