படிக்கட்டு வில்லை

இன்றைய எல்.ஈ.டி. தெருவிளக்கு ஒன்றைப் பகல் வேளையில் அருகிலிருந்து பார்த்தால், தட்டையான தகட்டின்மீது வரிசை வரிசையாக ஒளிபுகும் சிறு குமிழ்கள் தெரியும். ஒவ்வொரு குமிழின் அடியிலும் மிகச்சிறிய ஒளிச்சில்லு ஒன்று இருக்கிறது. பல விளக்குகளில் இந்தக் குமிழ் முழு உருண்டையாக இல்லாமல், நிலக்கடலை ஓட்டைப்போல நடுவில் சற்றே ஒடுங்கியிருக்கும். தூசிக்காக வைத்த மூடி போலத் தோன்றும் அந்தப் பிளாஸ்டிக் துண்டு உண்மையில் ஒரு வில்லை. மின்சாரத்தை மிச்சப்படுத்திய புகழ் முழுவதும் ஒளிச்சில்லுக்கே போயிற்று. நீல ஒளிச்சில்லை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014ல் நோபல் பரிசும் கிடைத்தது. வில்லையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால் அதன் வரலாறு சில்லின் வரலாற்றைவிட நீண்டது. அது கடலோரத்தில் தொடங்குகிறது.

சுடர் எல்லாத் திசைகளிலும் ஒளியை வாரி இறைப்பது. கலங்கரை விளக்கத்துக்கோ தேவைப்படுவது ஒரே திசை. மாலுமி இருப்பது தொடுவானத்தில். வானத்துக்குப் போகும் ஒளியும் கோபுரத்தின் அடிவாரப் பாறைகளுக்குப் போகும் ஒளியும் அவனுக்கு உதவாதவை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆர்கண்ட் விளக்குகளும், அவற்றின் பின்னே பரவளைய வடிவில் அமைந்த உலோக ஆடிகளும் வந்தன. அவை பெரிய முன்னேற்றம்தான். ஆனால் உலோக ஆடி தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழப் பாதியைத் தானே விழுங்கிவிடும். எரியும் எண்ணெயில் கணிசமான பங்கு, யாரும் காணாமலே, ஆடியின் பரப்பில் முடிந்துபோயிற்று.

இந்தக் கணக்கைத் திருத்தியவர் ஒகுஸ்தன் ஃப்ரெனெல். 1788ல் நார்மண்டியில் பிறந்தவர். அரசுப் பணியில் சாலைகள் போட்டுக்கொண்டிருந்த பொறியாளர். 1815ல் நெப்போலியன் எல்பா தீவிலிருந்து திரும்பியபோது மன்னர் தரப்பில் சேர்ந்ததால் வேலையை இழந்தார். அந்தக் கட்டாய ஓய்வில்தான் ஒளியின் விளிம்புவிளைவுகளை ஆராய்ந்து, ஒளி ஓர் அலை என்று நிறுவும் வேலையைத் தொடங்கினார். அரசியல் ஒருவரை வேலையிலிருந்து துரத்தியதால் இயற்பியலுக்கு நன்மை விளைந்த அபூர்வமான தருணங்களில் இது ஒன்று. 1819ல் பிரெஞ்சு அறிவியல் அகாதெமியின் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டில், நண்பரும் வானியலாளருமான அராகோவின் பரிந்துரையில், கலங்கரை விளக்கங்களுக்கான ஆணையத்தில் சேர்ந்தார்.

ஆடிக்குப் பதில் வில்லையை வைக்கலாம் என்பது அவருடைய யோசனை. கண்ணாடி ஒளியைக் குறைவாகவே உறிஞ்சும். ஆனால் கோபுரத்துக்குத் தேவையான அளவில் சாதாரண வில்லை செய்தால் நடுப்பகுதி மிகத் தடிமனாகிவிடும். எடை தாங்காது, தடித்த கண்ணாடியே ஒளியையும் தின்னும். ஒளியை வளைப்பது வில்லையின் பரப்புதானே தவிர உள்ளே இருக்கும் கண்ணாடித் திரள் அல்ல. எனவே திரளை நீக்கிவிட்டு, பரப்பை மட்டும் வளையம் வளையமாகப் படிக்கட்டுபோல அடுக்கினால் போதும். பெயரும் அப்படியே வைத்தார்: படிக்கட்டு வில்லை. இந்த எண்ணம் பூஃபோனுக்கும் கொந்தோர்சேக்கும் முன்பே தோன்றியிருந்தது என்பதை ஆணையத்தில் ஒருவர் சொல்லித்தான் அவர் அறிந்தார். ஆனால் பூஃபோன் நினைத்தது சூரிய ஒளியைக் குவித்து எரிக்கும் கண்ணாடியை. விளக்கின் ஒளியை விரயமின்றி அனுப்பும் கருவியாக அதை வளர்த்தெடுத்தவர் ஃப்ரெனெல்தான்.

கண்ணாடியைத் தேய்த்துச் செய்தவர் சொலேல் என்ற கைவினைஞர். 1822 ஆகஸ்ட் 20 இரவு, அப்போது கட்டி முடிக்கப்படாதிருந்த ஆர்க் தெ த்ரியோம்ஃப் வளைவின் உச்சியில் புதிய விளக்கை ஏற்றினார்கள். 32 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மன்னர் பதினெட்டாம் லூயி அதைக் கண்டார். 1823 ஜூலை 25 அன்று ஜிரோந்து கழிமுகத்தில் நிற்கும் கொர்துவான் கோபுரத்தில் அது பணிக்கு வந்தது. ஃப்ரெனெலுக்கு அப்போதே காசநோய் முற்றிக்கொண்டிருந்தது. 1827 ஜூலை 14 அன்று, 39ஆம் வயதில் இறந்தார்.

அவருடைய கடைசி ஆண்டுகளின் வேலைகளில் ஒன்று, நம் தெருவிளக்குக்கு இன்னும் நெருக்கமானது. படிக்கட்டு வில்லையால் ஓரளவுக்கு மேல் சாய்ந்து செல்லும் கதிர்களைத் திருப்ப முடியாது. மேலும் கீழும் தப்பியோடும் அந்தக் கதிர்களுக்காக அவர் வேறொரு வகைப் பட்டகத்தை வகுத்தார். கதிர் கண்ணாடிக்குள் நுழைந்து, உட்சுவரில் சாய்வாக மோதி, முழு அக எதிரொளிப்பு அடைந்து, வேண்டிய திசையில் வெளியேறும். உலோக ஆடி பாதியை விழுங்கும் இடத்தில், இந்த எதிரொளிப்பில் இழப்பு அநேகமாக இல்லை. இதன் சிறிய வடிவத்தை அவர் அமைத்தது கடலுக்காக அல்ல. பாரிஸ் நகரின் சேன் மார்த்தேன் கால்வாய்க் கரைக்காக.

பெரிய அளவில் இத்தகைய பட்டகங்கள் நிறுவப்பட்ட தொடக்ககாலக் கோபுரங்களில் ஒன்று ஸ்காட்லாந்தின் ஸ்கெர்ரிவோர், 1844ல். கட்டியவர் ஆலன் ஸ்டீவன்சன். இலக்கிய வாசகர்களுக்கு இந்தக் குடும்பப் பெயர் அறிமுகமானதுதான். 'புதையல் தீவு' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் பெரியப்பா அவர். எழுத்தாளரின் தந்தை தாமஸ் ஸ்டீவன்சன் ஒருபடி மேலே போய், சுடரின் ஒளி முழுவதையும் ஒரே கற்றையாக்கும் அமைப்பை வகுத்து, முழு ஒளி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஹோலோஃபோட்' எனப் பெயரிட்டார். மகன் குடும்பத் தொழிலை மறுத்துவிட்டு எழுத வந்தவர். ஆனாலும் போர்ன்மத் நகரில் தாம் வாழ்ந்த வீட்டுக்கு ஸ்கெர்ரிவோர் என்றே பெயர் வைத்தார். 'டாக்டர் ஜெகில்' எழுதப்பட்டது அந்த வீட்டில்தான்.

அமெரிக்காவின் கதை வேறு. அங்கே 1820 முதல் 1852 வரை கலங்கரை விளக்கங்கள் ஸ்டீஃபன் பிளசன்டன் என்ற கருவூலத் தணிக்கை அதிகாரியின் பொறுப்பில் இருந்தன. 1814ல் ஆங்கிலேயர் வாஷிங்டனை எரித்தபோது சுதந்திரப் பிரகடனத்தைக் காப்பாற்றிய மனிதர் இவர். நேர்மையானவர், சிக்கனமே அவருடைய மதம். பிரெஞ்சு வில்லையின் விலையைப் பார்த்து மிரண்டு, வின்ஸ்லோ லூயிஸ் என்ற கப்பல்தலைவர் விற்ற ஆடிவிளக்குகளையே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். வாங்கும் விலையைக் குறித்தாரே ஒழிய, ஆண்டுதோறும் எரியும் எண்ணெயில் எவ்வளவு கடலை அடைகிறது என்ற கணக்கு அவர் பேரேட்டில் இல்லை. மாலுமிகளின் முறையீடு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. 1852ல் புதிய வாரியம் பொறுப்பேற்ற பிறகே வில்லைகள் பரவலாக வந்தன. சிக்கனக்காரர் ஒருவர் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஊதாரித்தனம் செய்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம்மூரிலும் இந்த மாற்றத்தின் தடம் உண்டு. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் 1844ல் ஏற்றப்பட்ட தூண்வடிவக் கலங்கரை விளக்கம் ஆடிகளின் காலத்தது. 1894ல் உயர்நீதிமன்றக் கட்டடத்தின் கோபுர உச்சியில் அமைந்த அடுத்த விளக்கு, பர்மிங்ஹாமின் சான்ஸ் பிரதர்ஸ் நிறுவனத்தில் செய்யப்பட்டது. உலகெங்கும் இத்தகைய வில்லைகளை அனுப்பிக்கொண்டிருந்த நிறுவனம் அது.

ஒளிச்சில்லுக்குத் திரும்புவோம். சுடரைப்போல அது முழுக்கோளமாக ஒளியைச் சிதறுவதில்லை; முன்னால் உள்ள அரைக்கோளத்தில் மட்டும் பரப்புகிறது. ஆனாலும் பரப்புகிறது. பொதுவான ஒரு சில்லின் ஒளியில் சரிபாதிதான் அச்சிலிருந்து 45 பாகைக்குள் அடங்கும். மீதிப் பாதி பக்கவாட்டில் போகிறது. கைவிளக்குகளில் அதைப் பிடிக்கும் சிறு கூம்புவில்லையைக் கவனித்தால், நடுவில் ஒரு குவிவில்லை, சுற்றிலும் முழு அக எதிரொளிப்புச் சுவர். ஃப்ரெனெலின் இரு உத்திகளும் ஒரே அக்ரிலிக் வார்ப்பில். அக்ரிலிக்கில் ஏறத்தாழ 42 பாகைக்கு மேல் சாய்ந்து மோதும் கதிர் எதுவும் அந்தச் சுவரைத் தாண்ட முடியாது.

தெருவிளக்கின் தேவை இன்னும் சிக்கலானது. சாலை நீண்ட செவ்வகம்; வில்லையற்ற சில்லு போடுவது வட்டம். கம்பத்தின் அடியில் கண் கூசும், இரு கம்பங்களுக்கு நடுவில் இருள் கட்டும், மிச்சம் யாரோ ஒருவருடைய படுக்கையறைச் சன்னலில் விழும். நடுவின் இருளைப் போக்க வாட்டைக் கூட்டினால் கூச்சமும் சேர்ந்து கூடும். நிலக்கடலை வடிவ வில்லை செங்குத்தாகக் கீழிறங்கும் ஒளியைக் குறைத்து, சாலையின் நெடுக்கில் சாய்வாக அதிக ஒளியை அனுப்புகிறது. குறைந்த வாட்டில் சாலை சீராகத் தெரிகிறது. விளக்குப் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் 'ஒரு வாட்டுக்கு இத்தனை லூமன்' என்ற எண் இதைச் சொல்வதில்லை. அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்கும் நகராட்சிப் பொறியாளர் பிளசன்டனின் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

வில்லையும் இலவசமாக வேலை செய்வதில்லை. காற்றிலிருந்து அக்ரிலிக்கிலோ, அக்ரிலிக்கிலிருந்து காற்றிலோ ஒளி நேராகக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 விழுக்காடு திரும்பிவிடுகிறது. சில்லை நோக்கிய பரப்பு, தெருவை நோக்கிய பரப்பு இரண்டிலுமாக 8 விழுக்காடு. இந்த இழப்பைக் கணக்கிடும் சமன்பாடுகளை எழுதியவரும் ஃப்ரெனெல்தான். பொறியாளர்கள் அதை இன்றும் 'ஃப்ரெனெல் இழப்பு' என்றே சொல்கிறார்கள்.