உயிரிப்படல நோய்த்தொற்று: தடுப்பும் சிதைப்பும்

உயிரிப்படலம் என்பது பாக்டீரியாக்கள் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, சர்க்கரைச் சேர்மங்கள், புரதம், டி.என்.ஏ. ஆகியவற்றாலான பிசுபிசுப்பான கூழைச் சுரந்து, அதனுள் கூட்டமாக வாழும் அமைப்பாகும். பல்லில் படியும் காரை இதன் எளிய வடிவம். சிறுநீர்க் கதீட்டர், செயற்கை மூட்டு, இதய வால்வு, சர்க்கரை நோயாளியின் ஆறாத காற்புண் ஆகியவற்றில் இப்படலம் முற்றிவிட்டால், தனித்து மிதக்கும் அதே பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தளவைப்போல் பல மடங்கு, சில வேளை ஆயிரம் மடங்கு கூட, தேவைப்படுகிறது. கூழ் மருந்தை மறிப்பது ஒரு காரணமே. அடியில் உணவும் ஆக்சிஜனும் குன்றி உறங்குநிலையில் கிடக்கும் செல்களைப் பெரும்பாலான நுண்ணுயிர்க்கொல்லிகள் அசைப்பதில்லை என்பது அதனினும் முக்கியமானது.

சென்னைக்கு அருகேயுள்ள வல்லம் வடகால், ஒரகடம் போன்ற தொழிற்பகுதிகளில் உலோகம் கடையும் பணி செய்வோருக்கு இப்படலத்தின் இயல்பு புதிதன்று. கூலன்ட் எனப்படும் குளிர்விப்புத் திரவத் தொட்டியின் சுவரில் படிந்த வழுவழுப்பைச் சுரண்டாமல் புதுத் திரவம் ஊற்றினால் அதுவும் விரைவில் நாறிவிடும். மருத்துவத்திலும் முதல் சிகிச்சை சுரண்டலே. காற்புண்ணின் அழுகிய திசுவை வெட்டி நீக்கியபின் படலம் ஓரிரு நாட்களிலேயே மீண்டும் முற்றத் தொடங்குவதால், மருந்து நன்கு பலிக்கும் காலம் அந்தக் குறுகிய இடைவெளிதான்.

கதீட்டரில் சிக்கல் வேறு வகையானது. புரோட்டியஸ் மிராபிலிஸ் என்னும் பாக்டீரியா யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்க, சிறுநீர் காரத்தன்மை அடைந்து, படலத்தில் உப்புப் படிகங்கள் விளைந்து குழாயையே அடைத்துவிடுகின்றன. தேவையற்ற கதீட்டரை உடனே அகற்றுவதற்கு நிகரான தடுப்பு இன்றுவரை இல்லை.

எலும்பில் பொருத்திய கருவிகளை ஸ்டஃபைலோகாக்கஸ் என்னும் பாக்டீரியா தொற்றும்போது, காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் துணை நிற்கிறது. சுவிட்சர்லாந்தின் வெர்னர் சிம்மர்லி குழு 1998இல் வெளியிட்ட சோதனையில், புண்ணைச் சுத்தம் செய்தபின் சிப்ரோஃப்ளாக்சசினுடன் இதையும் சேர்த்து உண்டு சிகிச்சையை முடித்த 12 பேரும் குணமடைந்தனர். இது சேராதோரில் 12க்கு 7 பேரே குணமடைந்தனர். எதிர்ப்புத்திறன் விரைவில் தோன்றிவிடும் என்பதால் இம்மருந்தைத் தனியே கொடுப்பதில்லை.

கொல்லாமல் கலைப்பது மற்றொரு வழி. பாக்டீரியாக்கள் தம் எண்ணிக்கையை வேதிக்குறிகளால் உணர்ந்து ஒருங்கே செயல்படும் முறை கோரம் சென்சிங் எனப்படும். அக்குறிகளைக் குலைத்தால் படலம் திரளாது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் எஸ். கருத்தபாண்டியன் குழுவினர் பவளப்பாறைகளில் வாழும் பாக்டீரியாக்களின் சாறுகள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜீனஸ் என்னும் நோய்க்கிருமியின் படலத்தைத் தடுப்பதை 2009இல் காட்டினர். இத்தகைய ஆய்வுகள் இந்தியாவில் ஏராளம். நோயாளியின் படுக்கை வரை வந்தவை மிகச் சில.

இந்த இடைவெளியை நிரப்ப ஒரு வாய்ப்பு உண்டு. மருத்துவக் கருவிப் பூங்காக்களுக்கான ஒன்றிய அரசின் திட்டத்தில் தேர்வான நான்கு மாநிலங்களுள் ஒன்றான தமிழ்நாட்டின் பூங்கா, மேற்சொன்ன ஒரகடத்தில் 350 ஏக்கரில் திட்டமிடப்பட்டது. பாக்டீரியா ஒட்டாத பரப்புடைய கதீட்டரையும் மூட்டையும் உருவாக்கிச் சோதிக்கும் பொறுப்பை இத்தகைய பூங்காக்கள் ஏற்க வேண்டும்.